பழைய வேலைத்தலம் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால்: லண்டனில் எனக்கு நடந்தது

வடமேற்கு லண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான்கு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 2025 ஜனவரியில் விலகினேன். ஐந்து மாதங்கள் கழித்து அந்த நிறுவனம், எனக்குக் கூடுதலாகச் சம்பளம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, 1,890 பவுணும் அதன்மேல் ஆண்டுக்கு 8 வீத வட்டியும் நீதிமன்றக் கட்டணம் 115 பவுணும் கேட்டு, கவுண்டி நீதிமன்றத்தில் என்மீது வழக்குத் தொடுத்தது. இப்படியொரு கடிதம் கிடைத்துத் திகைத்து நிற்பவர்கள் நம்மவர்களில் பலர் இருக்கக்கூடும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

2024 ஏப்ரலில் நான் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறினேன். இரவு வேலைக்கான மேலதிகப் படி மாதம் 210 பவுண், மாற்றத்துக்குப் பிறகும் டிசம்பர் வரை ஒன்பது மாதங்கள் என் சம்பளத்தில் சேர்ந்தே வந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஜூன் மாதச் சம்பளச் சிட்டையைப் பார்த்து ஐயம் எழுந்தவுடனேயே சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். புதிய ஊதிய விகிதப்படி தொகை சரியாகத்தான் இருக்கிறது என்று மறுநாளே பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான், வேறோர் இடத்தில் செய்துவந்த சனிக்கிழமைத் துப்புரவு வேலையை விட்டேன். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் என் சொந்த முகவரிக்கும் அனுப்பி வைத்திருந்தது பின்னாளில் எனக்குக் கைகொடுத்தது, ஏனென்றால் வேலையை விட்ட அன்றே அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிட்டது.

விலகியபோது, எடுக்காத விடுமுறைக்காக எனக்கு வரவேண்டிய 640 பவுணை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள 1996 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இடம் தருகிறது என்பதால், பிடித்ததை நான் குறை சொல்லவில்லை. பிடித்த அந்தத் தொகையைக் கணக்கில் ஓரிடத்திலும் காட்டாமல், முழுத் தொகையையும் மறுபடி கேட்டு வழக்குப் போட்டதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

வழக்குக்கு முன், பெப்ரவரியிலேயே, அவர்களுடைய சொலிசிட்டரிடமிருந்து, அதாவது வழக்கறிஞரிடமிருந்து, கடிதம் வந்தது. நிறுவனமொன்று தனிநபரிடம் கடன் கேட்டு வழக்குப் போடுவதற்குமுன் பதிலளிக்க 30 நாள் தரவேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை; பதில் எழுதுவதற்கான படிவமும் கடிதத்தோடு இருந்தது. நான் செய்த பெரிய தவறு, அதைப் படிவங்கள் நிரப்பித் தருகிற நம்மவர் ஒருவரிடம் கொண்டுபோனதுதான். 120 பவுண் வாங்கிக்கொண்ட அவர், இது வெறும் மிரட்டல் கடிதம், பதில் எழுதினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், பேசாமல் இருங்கள் என்றார். உண்மை நேர்மாறானது. அந்தப் படிவத்திலேயே கடனை மறுப்பதற்கும் ஆவணங்கள் கேட்பதற்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. நான் அப்போதே எழுதியிருந்தால், இது நீதிமன்றத்துக்குப் போகாமலேயே முடிந்திருக்கலாம்.

ஜூனில் வழக்குப் படிவம் என் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. புதிய முகவரியைக் கொடுத்துவிட்டுத்தான் நான் விலகினேன். வரிக்கான பி45 படிவம் புதிய வீட்டுக்கே வந்தது. பழைய வீட்டுக்கார அக்கா உறையைக் கண்டு தொலைபேசியில் சொன்னபோது, படிவம் வெளியான தேதியிலிருந்து 17 நாட்கள் கழிந்துவிட்டன. வெளியான தேதிக்கு ஐந்தாம் நாள் அது கிடைத்ததாகக் கருதப்படும். அதிலிருந்து 14 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால், நம் தரப்பைக் கேளாமலேயே தீர்ப்பு வாங்கிவிட முடியும். கவுண்டி நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பை இங்கே சுருக்கமாகச் சி.சி.ஜே. என்பார்கள். ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டாவிட்டால் அது ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் இருந்து, வீட்டுக்கடன் முதல் வாடகை வீடு வரை எல்லாவற்றையும் கெடுக்கும். அதை நீக்கக் கோரி விண்ணப்பிப்பதற்கே 300 பவுணுக்கு மேல் கட்டணம். படிவத்தில் அச்சாகியிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு 18 ஆம் நாள் இரவு இணையத்தில் படிவம் கிடைத்ததை ஒப்புக்கொண்டு பதிவு செய்தேன். கடன் எனக்கு உண்டென்று அதற்குப் பொருளில்லை. எதிர்வாதம் எழுத மேலும் 14 நாள் கிடைக்கும், அவ்வளவுதான்.

எதிர்வாதத்தை, பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லும் தொண்டு அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் ஒருவர் கட்டணமின்றிச் சரிபார்த்துத் தந்தார். அவர்தான் நான் கவனிக்காத ஒன்றைக் காட்டினார்: 1,890 பவுண் என்பது வரி கழிக்குமுன் உள்ள தொகை. 20 வீத வருமான வரியும் 8 வீதத் தேசியக் காப்புறுதியும் போக என் கைக்கு வந்தது 1,360 பவுணும் 80 பென்ஸும் மட்டுமே. மீதி வரித்துறைக்குப் போனது. அதே வரியாண்டிலேயே பிழை தெரிந்துவிட்டதால், நிறுவனமே கணக்கைத் திருத்தி அதை மீட்டிருக்கலாம். பிடித்துக்கொண்ட 640 பவுணையும் கழித்தால் மிச்சம் 720 பவுணும் 80 பென்ஸும்தான். அதற்கும் மேலாக, சம்பளப் பிரிவின் மின்னஞ்சல் இருந்தது. 1983 இல் ஏவன் கவுண்டி கவுன்சில் ஹவ்லட் என்ற ஆசிரியர்மீது தொடுத்த வழக்கில், முதலாளியே பணம் உனக்குரியதுதான் என்று நம்பவைத்து, ஊழியர் நல்லெண்ணத்துடன் அதை நம்பி நடந்துகொண்டு, பிழை ஊழியருடையதாக இல்லாதபோது, திருப்பிக் கேட்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலத் தீர்ப்புகள் அதை ஓரளவு தளர்த்தி, செலவாகிவிட்ட அளவுக்கே பாதுகாப்பு என்ற பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். ஆகவே முழுத் தொகையையும் மறுத்து, அது ஏற்கப்படாவிட்டால் 720 பவுண் 80 பென்ஸுக்கு மேல் கேட்க முடியாது என்றும் சேர்த்து எழுதினோம்.

2024 மே முதல், இவ்வகைச் சிறு தொகை வழக்குகளில் நீதிமன்றமே நடத்தும் இலவசச் சமரசப் பேச்சில் இரு தரப்பும் கலந்துகொள்வது கட்டாயம். அது தொலைபேசியில், ஒரு மணி நேரம். எதிர்த்தரப்போடு நான் நேரில் பேச நேரவில்லை. நடுவர்தான் மாறி மாறி இரு பக்கமும் அழைத்தார். விடுமுறைப் பணம் பிடிக்கப்பட்ட சிட்டையை நான் அனுப்பியிருந்ததைப் பற்றி அவர் கேட்டபின், 1,890 என்ற எண் அந்தப் பேச்சில் மறுபடி வரவில்லை. 720 பவுணுக்கும் குறைந்த ஒரு தொகையை, மாதத் தவணையில், வட்டியும் செலவுமின்றிக் கட்டுவதாக முடிந்தது. என் பெயரில் தீர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

படிவம் நிரப்பித் தந்தவரிடம் இரண்டு முறை போய் 120 பவுணைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. கடைக்கு மேலுள்ள அதே அறையில், நீதிமன்றக் கடிதங்களோடு வருகிறவர்களிடம் பேசாமல் இருக்கச் சொல்லி இன்னும் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.