இடது கன்னத்துப் பள்ளத்துக்கு எது சரி: ஃபேஸ்லிஃப்ட்டா, கொழுப்பா, ஊசியா?

பாடலீஸ்வரர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது என் இடது காதுத் தோடு மடியில் விழுந்தது. திருகாணி எப்போது கழன்றதோ, எனக்குத் தெரியவே இல்லை. 2013-இல் இடது கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்தார்கள். அன்று முதல் அந்தக் காதுச்சோணைக்கு உணர்ச்சி கிடையாது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் தோட்டை மாட்டும்போது அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். காதுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால், கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்கு முன்னால் தாடையோரச் சதை தொங்கத் தொடங்கியிருக்கிறது. எனக்கு 57 வயது. வலப்பக்கமும் தொங்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே பள்ளம் இல்லை. இதைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 12 ஆண்டுகளாகப் புகைப்படம் என்றாலே வலக்கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவளுக்கு இந்த ஆசை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆறு மாதமாகக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அலைந்து மூன்று பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்துவிட்டேன். என்னைப் போல உமிழ்நீர்ச் சுரப்பி அறுவை முடிந்து, இப்போது ஃபேஸ்லிஃப்ட் பற்றி யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அறுவை ஆகாத முகத்துக்குச் சொல்லப்படும் ஒப்பீடு நமக்குப் பொருந்தாது.

காரணம் முக நரம்பு. பள்ளிப் புத்தகம் மேலண்ணச் சுரப்பி என்று சொல்வதை மருத்துவமனையில் எல்லோரும் பரோடிட் என்பார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள் நுழைந்து, அதற்குள்ளேயே கிளை பிரிந்து, நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து என்று ஐந்து திசைக்குப் போகிறது. சுரப்பியின் மேல்பாகம் அந்த நரம்புக்கு மெத்தை போல. எனக்கு அந்த மேல்பாகத்தைத்தான் வெட்டி எடுத்தார்கள். வலக்கன்னத்தில் தோலுக்கும் நரம்புக்கும் இடையே சுரப்பி இருக்கிறது. இடக்கன்னத்தில் பழைய தழும்புத் திசு மட்டும்தான் இருக்கிறது.

ஃபேஸ்லிஃப்ட் என்றால் தோலை இழுத்துத் தைப்பது என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் நெடுநாள் நிற்காது, தழும்பும் அகன்றுவிடும் என்றார் முதல் மருத்துவர். தோலுக்கு அடியில், கொழுப்பும் தசைநார்களும் கலந்த உறுதியான படலம் ஒன்று இருக்கிறது. ஸ்மாஸ் என்று பெயர். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அதை விவரித்தார்கள். இன்றைய ஃபேஸ்லிஃப்ட் பெரும்பாலும் அந்தப் படலத்தைத் தூக்கி நிறுத்துவதுதான். சிலர் படலத்தை மடித்துத் தையல் போடுவார்கள். சிலர் அதற்கு அடியில் புகுந்து முழுவதுமாகப் பிரித்துத் தூக்குவார்கள். இந்த இரண்டாவது முறைக்குத்தான் இப்போது பெயர் அதிகம். பரோடிட் அறுவை ஆன பக்கத்தில் எனக்குப் பயம் தருவதும் அதுதான். அங்கே படலமும் தழும்பும் நரம்பும் எப்படி ஒட்டிக் கிடக்கின்றன என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். முதல்முறை ஃபேஸ்லிஃப்ட்டில் முக நரம்புக்கு நிரந்தரப் பாதிப்பு வருவது அரிது. அந்த ஆறுதலை அப்படியே நம் கன்னத்துக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது மருத்துவர் என்னைப் பரிசோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. "புருவத்தைத் தூக்குங்கள் அம்மா. கண்ணை இறுக மூடுங்கள். கன்னத்தை உப்புங்கள். பல் தெரியச் சிரியுங்கள்" என்றார். சிரிக்கும்போது என் இடது கீழுதடு ஒரு நூல் அளவு பின்தங்குவதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். 12 ஆண்டுகளில் எனக்கே அது தெரியாது. "இப்போது இருக்கும் குறையை எழுதி வைக்காமல் கத்தியை எடுத்தால், பிறகு எது பழையது, எது நான் செய்தது என்று இருவருக்கும் தெரியாமல் போய்விடும்" என்றார். அதன்பிறகு கேட்ட முதல் கேள்வி: "பழைய அறுவைக் குறிப்பு இருக்கிறதா?"

இருந்தது, பாதி. 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. மஞ்சள் உறைக்குள் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு தாள் மை கரைந்து போயிருந்தது. பயாப்சி அறிக்கையும் அறுவைக் குறிப்பும் தப்பித்தன. அவற்றிலிருந்துதான் மேல்பாகம் மட்டும் எடுக்கப்பட்டது, நரம்புக் கிளைகள் காப்பாற்றப்பட்டன, காதுச்சோணைக்குப் போகும் நரம்பு வெட்டப்பட்டது என்பதெல்லாம் தெரிந்தது. உள்நோயாளிகளின் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. 3 ஆண்டுக்குப் பிறகு மருத்துவமனையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. உங்களுக்கு அறுவை ஆகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன என்றால் இன்றைக்கே நகல் வாங்கி வையுங்கள்.

பயாப்சியில் இருந்த பெயர் பிளியோமார்பிக் அடினோமா. சாதுவான, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி; பரோடிட்டில் அதிகம் வருவது இதுதான். ஆனால் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரக்கூடியது, வந்தால் சிறு சிறு மணிகளாகப் பல இடத்தில் வரும். ஆகவே எந்த அழகுச் சிகிச்சைக்கும் முன்னால் எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும் என்பதில் மூவரும் ஒரே குரலில் பேசினார்கள். புற்றுநோய்க் கட்டி எடுத்து, கதிர்வீச்சும் வாங்கியவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு. உரித்துத் தூக்கினால் ஓரம் கருகிவிடும் ஆபத்து அதிகம்.

ஃபேஸ்லிஃப்ட்டைப் பற்றி இன்னொன்று, யாரும் எடுத்தவுடன் சொல்லாதது: அது தொங்கலைத் தூக்கும், பள்ளத்தை நிரப்பாது. சதை மேலே போனதும் பள்ளம் முன்பைவிடப் பளிச்சென்று தெரியவும் கூடும். சரியாகத் தைக்காவிட்டால் காதுச்சோணை கீழே இழுபட்டு, கன்னத்தோடு ஒட்டியது போல ஆகிவிடும். உணர்ச்சி இல்லாத காதில் கல் தோடு போடுகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நூல் சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முள்வைத்த, கரையக்கூடிய நூலைத் தோலுக்கடியில் செலுத்தி இழுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடியும், விளம்பரம் ஊரெங்கும் இருக்கிறது. ஆனால் அங்கே ஊசி கண்மூடித்தனமாகப் போகிறது. மெத்தை இழந்த கன்னத்தில், நரம்பு எங்கே என்று தெரியாமல் குத்துவதற்கு நான் ஒப்பமாட்டேன். வலப்பக்கத்துக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். அங்கும் நூல் சில மாதங்களில் கரைந்துவிடும்.

ஃபில்லர் ஊசி கொஞ்சம் பரவாயில்லை. ஹையலூரானிக் அமிலக் கூழைப் பள்ளத்தில் நிரப்புகிறார்கள். பிடிக்காவிட்டால் கரைக்க மருந்து இருக்கிறது. மற்ற வழிகள் எதற்கும் இந்த வசதி கிடையாது. ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை நிற்கும், அப்புறம் மறுபடி செலவு. ரத்தக்குழாயில் கூழ் புகுந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. நிரம்பினால் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஒத்திகையாக அது நல்லது. என் பள்ளம் போன்ற ஆழத்துக்கு நிரந்தர வழியாக அதைக் கொள்ள மாட்டேன்.

என் மனம் சாய்வது கொழுப்பு ஏற்றும் முறைக்கு. வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, முனை மழுங்கிய மெல்லிய குழாயால் பள்ளத்தில் சிறிது சிறிதாக வைக்கிறார்கள். கூரான முனை இல்லாததால் நரம்பு அறுபடும் பயம் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வைத்ததில் ஒரு பங்கு முதல் சில மாதங்களில் கரைந்துவிடும். தழும்புத் திசுவில் பிடிப்பு இன்னும் குறையலாம். ஆகவே இரண்டு தவணை ஆகலாம் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொண்டுதான் போக வேண்டும். மீதி ஒட்டிக்கொண்டது நம் உடம்பின் சதையாகவே இருக்கும், நாம் எடை கூடினால் அதுவும் கூடும். ஒரு சிக்கல் உண்டு: சில சமயம் வைத்த கொழுப்பு உருண்டையாகக் கட்டிப்படும். அப்போது கட்டி திரும்பிவிட்டதோ என்ற கலக்கம் வரும். முன்கூட்டியே எடுத்த எம்ஆர்ஐ இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியை எடுத்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குக் கன்னத்தில் நரம்பின் மெத்தை அப்படியே இருக்கிறது. கீழுதட்டை அசைக்கும் கிளைதான் அந்தத் தழும்பருகே போகிறது. ஃபேஸ்லிஃப்ட்டின் கழுத்துப் பகுதியில்தான் அவர்கள் அதிகம் கேள்வி கேட்க வேண்டும்.

இவை எதுவும் தொடாத ஒன்றையும் சொல்கிறேன். நெல்லிக்காய் ஊறுகாயைத் தொட்டாலே என் இடது கன்னத்தில் வியர்வை வழியும். விருந்துகளில் இடக்கையில் கைக்குட்டையோடு உட்காருவேன். உமிழ்நீருக்குப் போக வேண்டிய நரம்பிழை, அறுவைக்குப் பிறகு வழிமாறி வியர்வைச் சுரப்பியோடு சேர்ந்துவிடுகிறது. 1923-இல் போலந்து நாட்டு மருத்துவர் லூசியா ஃபிரே இதை விளக்கினார். அவர் பெயரிலேயே ஃபிரே நோய்க்குறி என்கிறார்கள். கன்னத்தில் அயோடின் பூசி, மாவு தூவி, புளிப்பாக ஒன்றைத் தின்னக் கொடுத்தார்கள். வியர்த்த இடமெல்லாம் கருநீலமாக மாறியது. காது முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் கறையைக் கண்ணாடியில் பார்த்தபோது, இத்தனை ஆண்டு நான் வெயில் என்று சொல்லிச் சமாளித்தது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. இதற்கு போடாக்ஸ் ஊசி இருக்கிறது. பல மாதங்கள் வியர்வை நிற்கும். 12 ஆண்டுகளில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

பணத்தைப் பொறுத்தவரை, மருத்துவக் காப்பீட்டில் அழகுச் சிகிச்சைக்கு இடமில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, மருத்துவரீதியாக அவசியமான சிகிச்சை ஆகியவைதாம் விதிவிலக்கு. சாதுக் கட்டிக்காரர்கள் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். அழகு அறுவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

சென்னைக்குப் போகச் சொல்கிறாள் என் மகள். ஆனால் ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகம் வரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். செய்தவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குள். ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு, தனியாரிலும் எம்சிஎச் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி உயர்பட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே செய்தாலும் அவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: பரோடிட் அறுவை ஆன கன்னத்தை மறுபடி திறந்த அனுபவம் இருக்கிறதா, நரம்பு கண்காணிப்புக் கருவி வைத்துச் செய்வீர்களா? மூவரில் ஒருவர்தான் இரண்டுக்கும் ஆம் என்றார். கன்னத்தை உப்பச் சொன்னவர்.

அவரிடம்தான் போகப்போகிறேன். அடுத்த வாரம் எம்ஆர்ஐ. அது சுத்தமாக இருந்தால் வியர்வைக்கு போடாக்ஸ், மார்கழியில் இடப்பக்கத்துக்கு மட்டும் முதல் தவணைக் கொழுப்பு. ஃபேஸ்லிஃப்ட்டைப் பள்ளம் நிரம்பி ஓராண்டு ஆன பிறகு பேசலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். செய்தாலும் இடப்பக்கம் படலத்தை மடித்துத் தைப்பதோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதை என் மஞ்சள் உறையில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். உறை இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.