மாவு வியாபாரத்துக்கு மூணு வருஷத்துக்கு மேல சர்வே எடுத்துட்டு இருக்கேன், என் அனுபவம்

மும்பை செம்பூர்ல வீட்டுலேர்ந்தே இட்லி தோசை மாவு அரைச்சு விக்கறேன். 2019ல ஒரே ஒரு டில்டிங் கிரைண்டரோட ஆரம்பிச்சது, லாக்டவுன் டைம்ல வாட்ஸாப்லயே ஆர்டர் குவிஞ்சு சேடா நகர், திலக் நகர், செல் காலனி வரைக்கும் போச்சு. அப்புறம் ஆபீஸெல்லாம் திறந்ததும் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பிச்சுது, ஏன்னு புரியல, மாவு அதே மாவு, அரிசியும் உளுந்தும் அதே கடை. கஸ்டமர்கிட்டயே கேட்டுடலாம்னு 2022 ஆரம்பத்துல மொத சர்வே போட்டேன். அன்னிலேர்ந்து இப்ப வரைக்கும் நிறுத்தல. என்னை மாதிரி சின்னதா வியாபாரம் பண்றவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன்.

மொத சர்வேல 18 கேள்வி. கூகுள் ஃபார்ம்ல பண்ணேன், காசு கிடையாது, பதில் எல்லாம் தானா ஷீட்ல வந்து விழுந்துடும், அந்த அளவுல எங்களுக்கு அது போதும். ஆனா கேள்விங்கதான் தப்பு. "மாவோட தரமும் டெலிவரியும் உங்களுக்கு திருப்தியா?"ன்னு ஒரு கேள்வி. மாவு பிடிச்சு டெலிவரி பிடிக்காதவங்க அதுக்கு என்ன டிக் பண்ணுவாங்க? அப்ப எனக்கு அது தோணவே இல்ல. 240 பேர் இருந்த பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்பினேன், 31 பேர் பதில் போட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாமே 4 ஸ்டார் 5 ஸ்டார். மனசு நிறைஞ்சு போச்சு. அந்த சந்தோஷத்துலயே இஎம்ஐ போட்டு இன்னொரு கிரைண்டர் வாங்கினேன், சேல்ஸ் ஏறல, ஆறு மாசம் அது ஓரமா துணி போத்திக்கிட்டு நின்னுது, ஒவ்வொரு மாசமும் இஎம்ஐ கட்டும்போது வயிறு எரியும்.

என் பையன் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கறான், அவன்தான் உக்காந்து பாத்துட்டு சொன்னான், அம்மா உன்னை விட்டுப் போனவங்களுக்கு இந்த மெசேஜ் போயே இருக்காதுன்னு. வாட்ஸாப் பிராட்காஸ்ட் நம்ம நம்பரை சேவ் பண்ணி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும். வாங்கறதை நிறுத்தினவங்க நம்பரை டெலீட் பண்ணியிருப்பாங்க, இல்ல சேவே பண்ணியிருக்க மாட்டாங்க. ஆக நான் யாரைக் கேட்டிருக்கேன்னா, என் மாவைப் பிடிச்சு இன்னமும் வாங்கறவங்களைப் போய் பிடிச்சிருக்கான்னு கேட்டிருக்கேன்.

அவன் அப்ப ஒரு கதை சொன்னான். 1936ல அமெரிக்கால எலெக்ஷனுக்கு முன்னாடி லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு கார்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வந்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லேண்டன்தான் ஜெயிப்பார்னு போட்டாங்களாம். ஜெயிச்சது ரூஸ்வெல்ட், 48 மாநிலத்துல 46. அட்ரஸ் எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரி, கார் ரெஜிஸ்ட்ரேஷன் இதுலேர்ந்து, பொருளாதாரம் படுத்திருந்த அந்தக் காலத்துல போனும் காரும் வசதியானவங்ககிட்டதானே இருக்கும். அதுக்கும் மேல கார்டு வாங்கினவங்கள்ல முக்கால்வாசி பேர் பதிலே போடல. 20 லட்சம் பதில் வந்தே அப்படின்னா என்னோட 31 எம்மாத்திரம்.

அதுக்கப்புறம் ஆர்டர் நோட்டை எடுத்து, 30 நாளா வாங்காதவங்க பேரெல்லாம் தனியா எழுதினேன். 58 பேர். ஃபார்ம் கிடையாது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மெசேஜ், ஒரே கேள்வி: "கடைசியா எங்ககிட்ட எப்ப வாங்கினீங்க, இப்ப இட்லிக்கு மாவு என்ன பண்றீங்க?" ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கல, அப்படிக் கேட்டா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். 22 பேர் பதில் சொன்னாங்க. விலைதான் காரணமா இருக்கும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். விலையைச் சொன்னவங்க 3 பேர். நிறைய பேர் சொன்னது டைம், நாங்க காலைல 7:30க்கு கொண்டு போறோம், அவங்க 7 மணிக்கெல்லாம் ஸ்டேஷன்ல நிக்கறாங்க, ஹார்பர் லைன்ல குர்லா வரைக்கும் போய் மாறணும். பேக்கெட் வாட்ச்மேன்கிட்ட இருந்தா சாயங்காலம் வரைக்கும் வெயில்ல பொங்கிடும்.

அந்த 58ல சேடா நகர் மூணாவது மாடி மாமி ஒருத்தங்க. மொத சர்வேல 5 ஸ்டார் குடுத்தவங்க, ரெண்டு மாசத்துல நிறுத்திட்டாங்க. மெசேஜுக்கு பதில் இல்ல, நேர்லயே போனேன். "மாமி, மாவுல ஏதாவது குறையா?"ன்னு கேட்டேன். "குறையெல்லாம் ஒண்ணும் இல்லடிம்மா, வா இங்க"ன்னு ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்துக் காட்டினாங்க. அடில நாலு கரண்டி மாவு, மேல பழுப்பா தண்ணி பிரிஞ்சு நிக்குது, மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை. வேற கடைல வாங்கினது, அதுவும் ஒரு கிலோ. "பையன் புனேக்குப் போயிட்டான், நாங்க ரெண்டு பேர்தான். ஒரு கிலோ வாங்கினா மூணாம் நாள் இப்படித்தான் ஆறது, கொட்ட மனசு வரல. இப்போ கடைக்கே போறதில்ல, கொஞ்சமா மிக்ஸில அரைச்சுக்கறேன்." அப்ப ஏன் மாமி 5 ஸ்டார் போட்டீங்கன்னேன். "மாவு நன்னாதானே இருந்துது, நீயும் கஷ்டப்பட்டு பண்றே, உன் மனசு நோகறாப்பல எழுதுவேனா"ன்னாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. ஸ்டார்ங்கறது எவ்வளவு பேர் விஷயத்துல மரியாதைக்குப் போடறதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அரை கிலோ பேக்கெட் அப்படி வந்ததுதான். ஓரமா நின்ன கிரைண்டர் அதுக்கப்புறம்தான் ஓட ஆரம்பிச்சுது, இன்னிக்கு பாதிக்கு மேல அரை கிலோதான் போகுது, திலக் நகர் பக்கம் ராத்திரி 8 மணி டெலிவரியும் ஆரம்பிச்சோம்.

ஆனா "இது வந்தா வாங்குவீங்களா?"ன்னு கேக்கறதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ராகி தோசை மாவுக்கு அப்படி கேட்டேன், 64 பேர்ல 47 பேர் கண்டிப்பா வாங்குவோம்னாங்க. போட்டோம், மொத வாரம் வாங்கினது 9 பேர். அவங்க பொய் சொல்லல, உடம்புக்கு நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. இப்பல்லாம் புதுசா எதுன்னாலும் 20 பேக்கெட் போட்டு காசு வாங்கி வித்துப் பாத்துட்டுதான் முடிவு. கேள்வியும் "போன வாரம் என்ன பண்ணீங்க"ன்னு நடந்ததைப் பத்தி மட்டும்.

0லேர்ந்து 10 வரைக்கும் மார்க் கேக்கற என்பிஎஸ் (நெட் ப்ரமோட்டர் ஸ்கோர்) முறையும் ஒரு வருஷம் பண்ணிப் பாத்தேன். 2003ல ஃப்ரெட் ரெய்க்கெல்ட்ங்கறவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல எழுதி பிரபலமானது. மத்தவங்களுக்கு சிபாரிசு பண்ணுவீங்களான்னு கேட்டு, 9, 10 போட்டவங்க பர்சென்ட்லேர்ந்து 0 முதல் 6 வரைக்கும் போட்டவங்க பர்சென்ட்டைக் கழிக்கணும், 7, 8 போட்டவங்க மொத்த எண்ணிக்கைல மட்டும் இருப்பாங்க, கூட்டல் கழித்தல்ல வர மாட்டாங்க. பெரிய கம்பெனிக்கு சரி. எனக்கு வர்றது 60 பதில், அதுல 3 பேர் 9லேர்ந்து 6க்கு இறங்கினாலே ஸ்கோர் 10 புள்ளி விழுந்துடும், அந்த மாசம் தூக்கம் போயிடும். என் பையன் கணக்குப்படி ஆமா இல்லன்னு பதில் வர்ற சாதாரண கேள்வியை குலுக்கிப் போட்டு எடுத்த 100 பேர்கிட்ட கேட்டாக்கூட சுமார் 10 பர்சென்ட் முன்ன பின்ன இருக்கும். அதனால மார்க்கை விட்டுட்டேன், "ஏன் அந்த மார்க்?"னு கீழ எழுதறதை மட்டும் வெச்சுக்கிட்டேன்.

மொழி விஷயம் மும்பைல முக்கியம். இங்க பொறந்து வளர்ந்த நம்ம பசங்க வீட்டுல அழகா தமிழ் பேசுவாங்க, படிக்கத் தெரியாது. தமிழ் ஃபார்ம் அனுப்பினா பாதி பேர் திறந்துட்டு மூடிடறாங்க, இங்கிலீஷ்ல அனுப்பினா பெரியவங்க விட்டுடறாங்க. நானே என் குரல்ல வாய்ஸ் நோட் அனுப்பி, வாய்ஸ் நோட்லயே சொல்லுங்கன்னேன், ஒவ்வொருத்தரும் ரெண்டு நிமிஷம் பேசறாங்க. கேட்டு எழுதி வைக்க நேரம் ஆகும்தான், ஆனா விஷயம் அதுலதான் இருக்கு. பேக்கெட் மேல க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டினது மட்டும் வேலைக்கு ஆகல, ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்ததும் வேர்த்து ஈரமாகி கேமரால விழாது.

ஃபார்ம் நிரப்பினா 20 ரூபா தள்ளுபடின்னு ஒரு தடவ குடுத்தேன், ஒரே வீட்டுலேர்ந்து மூணு ஃபார்ம், எல்லாம் ஒரே பாராட்டு. நிறுத்திட்டேன். தள்ளுபடி குடுத்து கூகுள் ரிவ்யூ வாங்கறது அவங்க விதிப்படியே கூடாது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. அதுக்குப் பதிலா "நீங்க சொன்னதால இதை மாத்தினோம்"னு ஒரு மெசேஜ் போடறேன், அதுக்கப்புறம் அடுத்த தடவ பதில் கூடுதலா வருது.

பெயர் கேக்கலன்னா உண்மை வரும், ஆனா அதுலயும் ஒரு வலி இருக்கு. ஒரு தடவ பேர் இல்லாம "பேக்கெட்ல முடி இருந்துச்சு"ன்னு ஒரு வரி. யாருன்னு தெரியல, எந்த நாள் மாவுன்னு தெரியல, மன்னிப்பு கேக்கக்கூட வழி இல்ல. ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. அன்னிலேர்ந்து எல்லாரும் தலைல கேப், பேக்கெட்ல அரைச்ச தேதியும் வேளையும், ஃபார்ம்ல "பேக்கெட்ல இருக்கற தேதி என்ன?"ன்னு ஒரு கட்டம்.

இன்னொண்ணு, ஆகஸ்ட் செப்டம்பர்ல குஜராத்தி வீடுங்க சிலது திடீர்னு நிறுத்திடும். கோபமோன்னு பயந்து கேட்டப்பதான் தெரிஞ்சுது, அவங்க ஜெயினுங்க, பர்யூஷண்ங்கற அவங்க விரதப் பண்டிகை சமயத்துல சாப்பாட்டுக் கட்டுப்பாடு அதிகம், ராத்திரி வெச்சு புளிக்க விட்டது ஆகாது. இப்ப அந்த மாசம் அவங்களைத் தொந்தரவு பண்றதில்ல, முடிஞ்சதும் ஒரு மெசேஜ்.

இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ, நோட்டுல நாலுல ஒருத்தரா எடுத்து, மூணே கேள்வி. நின்னு போனவங்களுக்கு மட்டும் போன். இந்தத் தடவ 14 பதில் வந்திருக்கு, அதுல ரெண்டு பேர் ராத்திரி 8 மணி டெலிவரி சில நாள் 9 ஆயிடுதுன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு காலைல அரைச்சு முடிச்சதும் அவங்களுக்குத்தான் மொத போன்.