கவரேஜ் மேப்புனு சொல்லி கலர் படத்தை ஒட்டிக் குடுத்துட்டாங்க, வேலூர் ஆளுங்க உஷார்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வயர்லெஸ் நெட் தொழில் பண்றவங்க இதை ஒருவாட்டி படிச்சிடுங்க. பேரு போட வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, அதனால யாருன்னு கேக்காதீங்க.

நான் கேபிள் டிவி ஆளு. கேபிள் படுத்துகிச்சு, சரி நெட்டாவது குடுக்கலாம்னு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூணு மாடி கட்டடத்து மேல கம்பம் நட்டு 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வெச்சேன். எந்தத் தெருவுக்கு சிக்னல் போகும்னு முன்னாடியே தெரிஞ்சா கனெக்‌ஷன் புடிக்க சுலுவா இருக்குமேனு கவரேஜ் ஸ்டடி பண்ணித் தர்ற ஒருத்தர்கிட்ட போனேன். மொத்தம் 22 ஆயிரம், அட்வான்ஸ் 12. "சார், எனக்கு இதை க்யூஜிஐஎஸ் மேப் சாப்ட்வேர்ல போடணும், என் கஸ்டமர் லிஸ்ட்டு எல்லாம் அதுலதான் கீது"ன்னேன். "எதுல வேணா போட்டுக்கலாம் சார்"னார்.

பத்து நாள் கழிச்சு கூகுள் எர்த்துல தொறக்கற ஒரு கேஎம்இசட் மேப் ஃபைல் வந்துச்சு, பேரு 'ஃபைனல்'. அதுல தொறந்தா சிக்னல் வர்ற இடம்னு காட்டற பச்சை வட்டம் போளூர் பக்கம் போய் உக்காந்துகினு இருக்கு. போன் போட்டா "சாப்ட்வேர் பிரச்சனை சார், சரி பண்ணி அனுப்பறேன்"னார், அரை மணி நேரத்துல 'ஃபைனல் 2' வந்துச்சு, வட்டம் கரெக்டா நம்ம ஊர் மேல. நானும் நம்பிட்டேன். கோட்டைக்குக் கிழக்கால சஜ்ஜரா கோட்டை மலை இருக்குல்ல, அதுக்கு அந்தாண்டயும் பச்சைனு காட்டுது, உடனே அந்தப் பக்கம் 11 வீட்ல அட்வான்ஸ் வாங்கிட்டேன். மலைக்குப் பின்னாடி 5 கிகாஹெர்ட்ஸ் எப்படிப் போகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம், காசைப் பாத்தா புத்தி எங்க வேலை செய்யுது.

அப்புறம் க்யூஜிஐஎஸ்ல போட்டேன். பச்சை மேல க்ளிக் பண்ணா சிக்னல் பலம் எத்தனை டிபிஎம்னு வரணும் இல்ல, மைனஸ் 65, மைனஸ் 80னு? வந்தது பேண்டு 1, பேண்டு 2, பேண்டு 3னு மூணு நம்பர். சிவப்பு, பச்சை, நீலம் கலக்கற கணக்கு அது, சிக்னல் கிடையாது. வெறும் படம். கேட்டா "டேட்டாவா வேணும்னா ஷேப் ஃபைல், அது தனி சார், 6 ஆயிரம்"ங்கறார். அதையும் குடுத்தேன். வந்தது வடிவம் மட்டும் இருக்கற ஒரே ஒரு எஸ்எச்பி ஃபைல். கூடவே வர வேண்டிய எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே எதுவும் இல்ல. டிபிஎஃப்தான் டேபிள், அது இல்லாம அளவு எதுவும் தெரியாது, பிஆர்ஜே இல்லாம பூமியை எந்தக் கணக்குல தட்டையா விரிச்சிருக்குனு, அதாவது எந்த ப்ரொஜெக்‌ஷன்னே தெரியாது. டேபிள் இல்லாத வடிவத்தை வெச்சிகினு நான் இன்னா பண்றது?

இதுக்குள்ள மலைக்கு அந்தாண்ட மாட்டின மூணு வீட்லயும் சிக்னல் பூஜ்யம்.

அக்கா பையன் ஞாயித்துக்கிழமை வந்தான். "மாமா, கேஎம்இசட்டுன்றது ஜிப் தான், பேரை மாத்தித் தொற"ன்னான். ரெண்டு ஃபைலையும் பிரிச்சோம். உள்ள படத்தை எங்க வெக்கணும்னு எழுதியிருக்கற ஒரு கேஎம்எல், ஒரு பிஎன்ஜி படம். ரெண்டுலயும் படம் அதே 4,18,306 பைட்டு, ஒரு பைட்டு கூட மாறல! கேஎம்எல்லை நோட்பேட்ல தொறந்தா வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குனு நாலு நம்பர், அது மட்டும்தான் மாறியிருக்கு. புரியுதா? கணக்கைத் திரும்பப் போடவே இல்ல, அதே படத்தை நகத்தி வேலூர் மேல வெச்சிட்டார்.

போளூருக்கு எப்படிப் போச்சுனு அவனே கண்டுபுடிச்சான். நான் குடுத்தது 12 டிகிரி 55 நிமிஷம், 79 டிகிரி 8 நிமிஷம். நிமிஷத்தை 60-ஆல வகுக்கணும், 12.917, 79.133 வரும். அவர் அப்படியே 12.55, 79.08னு அடிச்சிருக்கார். டவர் 40 கிலோமீட்டர் தெற்கால போயிடுச்சு. அந்த இடத்து மேடு பள்ளத்துக்குப் போட்ட கணக்கு, அதுல நம்ம கோட்டை மலை எப்படி வரும்? மேடு பள்ளம் சொல்ற இந்த உயர டேட்டா 2000 பிப்ரவரியில நாசா ஷட்டில்ல எடுத்தது, சும்மாவே கிடைக்குது, திரும்ப ஓட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா.

நீங்க யாராச்சும் வேலை குடுத்தா, பேலன்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஜியோடிஃப் ஃபைலா (மேப்பைக் கட்டம் கட்டமா பிரிச்சு நம்பர் வெக்கற ஃபைல்) கேளுங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் டிபிஎம் நம்பர் இருக்கணும், மேப் எந்த அளவு முறையில இருக்குனு சொல்ற இபிஎஸ்ஜி நம்பர் எழுதி வாங்குங்க (நம்ம ஊருக்கு மீட்டர்ல அளக்கற யூடிஎம்னா 32644, சாதா அட்சரேகை தீர்க்கரேகைன்னா 4326), டவர் இருக்கற இடம் மேப்புல டவர் மேலயே விழுதானு பாருங்க, அதோட உங்களுக்கு சிக்னல் வராதுனு நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்தை க்ளிக் பண்ணிப் பாருங்க, அங்க நல்ல நம்பர் வந்தா அப்பவே எழுந்து வந்துடுங்க.

11 வீட்டுக்கும் அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவர் பேலன்ஸ் 10 ஆயிரம் கேட்டு இன்னும் போன் பண்ணிகினுதான் இருக்கார். நேத்து கூட ரெண்டு மிஸ்டு கால்.