யூமா ஆத்துத்துறை தபால் வண்டி கிட்: வண்டிக்கு நாலு ஸ்டார், தெப்பத்துக்கு ரெண்டு

காசிமேட்டுல படகு ரிப்பேர் பார்க்கிற ஆளு நான். லீவு நாள்ல சின்னச் சின்ன மர மாடல் செய்வேன். அதனால இதுல மரம், தோலு, கயிறு பத்தித்தான் நிறைய இருக்கும்.

ஆன்லைன்ல 2,350 ரூபாய். லேசர்ல வெட்டின பிளைவுட்டு. ஒரு கோச்சு வண்டி, ஆறு குதிரை, ஒரு தட்டைத் தெப்பம், ரெண்டு பக்கக் கரை. அமெரிக்காவுல 1858-லேர்ந்து 1861 வரைக்கும் அந்தத் தெக்கு வழியில ஓடின பட்டர்ஃபீல்ட் தபால் வண்டி, யூமா கோட்டைகிட்ட கொலராடோ ஆத்தைத் தாண்டுற காட்சி. செயின்ட் லூயிஸ்ல ஏத்தின தபால், சுமார் 2,800 மைல் தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்கு 25 நாள்ல போய்ச் சேரணும், வாரம் ரெண்டு தடவை. அதுக்கு அரசாங்கம் குடுத்தது வருஷத்துக்கு 6 லட்சம் டாலர்.

வண்டியை சும்மா சொல்லக்கூடாது. சக்கரத்துல ஒவ்வொரு ஆரக்காலும் தனித்தனியா வருது. டிரைவர் காலுக்குக் கீழ தபால் மூட்டை போடுற பெட்டி, உள்ள மூணு வரிசை சீட்டு. நடு சீட்டுக்குச் சாய பலகை கிடையாது, தோல் வார் மட்டும்தான். ஒன்பது பேர் முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு ராத்திரி பகலா போயிருக்கானுங்க.

கோட்டை விட்டது எங்கன்னா, இந்த மாதிரி வண்டிக்குப் பேரு கான்கார்ட் கோச்சு, நிஜ வண்டியில இரும்பு ஸ்பிரிங் கிடையாது. மடிப்பு மடிப்பா அடுக்கின தோல் வார் மேலதான் மொத்தக் கூடும் தொங்கும். கிட்டுல அதுக்கு ரப்பர் பேண்டு! நம்ம உப்புக் காத்துக்கு ரப்பர் பிசுபிசுத்து அறுந்து போயிடும். பெரியமேட்டுல துண்டுத் தோல் வாங்கி, மூணு மில்லி அகலத்துக்குக் கீறி, மூணு அடுக்கா ஒட்டிக் கட்டினேன். இப்ப விரலால தட்டினா கூடு தூளி மாதிரி முன்னும் பின்னும் ஆடுது. இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம்.

இன்னொண்ணு. யூமா பக்கம் பாலைவனம். அந்த நடு வழியில பட்டர்ஃபீல்ட் ஆளுங்க கான்கார்டை ஓட்டல. துணிக்கூரை போட்ட லேசான வண்டி, கோவேறு கழுதை கட்டி ஓட்டினாங்க. டப்பா மேல படம் கெத்தா இருக்கட்டும்னு கம்பெனிக்காரன் கோச்சையும் குதிரையையும் போட்டுட்டான். கூரையைப் பிரிக்க எனக்கு மனசு வரல. குதிரைக் காதுல மட்டும் எம்-சீல் ஒட்டி நீட்டி, கழுதை ஆக்கிட்டேன்.

தெப்பம்தான் தண்டம். நடுவுல ஒரே ஒரு கொக்கி. கயித்துத் தெப்பம் அப்படி ஓடாதுப்பா. ஆத்துக்குக் குறுக்கே வடம், அதுல கப்பி, கப்பியிலேர்ந்து தெப்பத்தோட ரெண்டு முனைக்கும் ரெண்டு கயிறு. முன் கயித்தை இழுத்துப் புடிச்சு, பின் கயித்தை நீட்டி விட்டா தெப்பம் சாய்ஞ்சு நிக்கும். அப்ப வர்ற நீவாடே, அதாவது தண்ணி ஓட்டமே, அதை அக்கரைக்குத் தள்ளிடும். துடுப்பே வேணாம். ஒத்தைக் கொக்கியில கட்டினா நின்ன இடத்துலயே சுத்திட்டு இருக்கும்.

ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு, வலை முடியுற நைலான் நூல் கட்டி, துணி ஊற வைக்கிற டப்புல ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். தானா ஜம்முனு போச்சு. வண்டியை மேல வச்சா மட்டும் ஒரு பக்கம் தாழுது, அதுக்கு அடியில தெர்மாகோல் ஒட்டணும். தண்ணியில விடுறதா இருந்தா முதல்ல ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சிடுங்க, இல்லன்னா பிளைவுட்டு ஒரே வாரத்துல முறுக்கிக்கும்.

ஒரு குதிரை கால் உடைஞ்சே வந்துச்சு. மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்ல. எனக்கு நாலு கழுதை போதும்னு சண்டைக்குப் போகல. முழு விலைக்கு வேணாம். ஆஃபர்ல 1,500-க்குக் கீழ வந்தா வாங்குங்க.