ஹோம் அசிஸ்டன்ட்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

2020 கடைசியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டேன். வீட்டு மின்சாதனங்களை ஒரே இடத்திலிருந்து, நம் வீட்டுக்குள்ளேயே இருந்து இயக்கும் மென்பொருள் அது. எல்லாம் மாடித் தொட்டிக்காகத்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனால் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும். அதற்கு முன் வாங்கியிருந்த ஸ்மார்ட் ஸ்விட்ச், எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் மோட்டாரை நிறுத்தும். நெட் போனால் அதுவும் வேலைக்கு ஆகாது.

இப்போது ஒரு இஎஸ்பி8266 வைஃபை சிப்பில், அதை ஹோம் அசிஸ்டன்டோடு சேர்க்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளை ஏற்றி, கான்டாக்டர் (அதிக மின்சாரம் தாங்கும் ஸ்விட்ச்) வழியாக மோட்டாரை ஓட்டுகிறேன். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டி நிறைந்ததும் நின்றுவிடுகிறது. பழைய ஸ்விட்சையும் கழற்றவில்லை, அம்மாவுக்கு அது கைக்கெட்ட வேண்டும். எந்தக் கம்பெனிப் பொருளையும் நம் இஷ்டத்துக்கு இப்படி இணைக்க முடிவதுதான் இதன் பெரிய பலம்.

ஆபத்தும் அதே வழியாகத்தான் வருகிறது. ஆட்-ஆன்கள், அதாவது கூடவே போடும் துணை மென்பொருள்கள், தனித்தனி கன்டெய்னரில் (பிரித்து அடைத்த இடத்தில்) ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு மதிப்பெண் காட்டுகிறார்கள். ஆனால் வெளியார் எழுதிய கஸ்டம் இன்டக்ரேஷன் (ஒரு பொருளையோ சேவையையோ இணைக்கும் நிரல்), ஹோம் அசிஸ்டன்டின் உள்ளேயே, அதற்குள்ள எல்லா உரிமையோடும் ஓடும். தடுப்புச் சுவர் கிடையாது. 2021 ஜனவரியில் அப்படிப்பட்ட சிலவற்றில் ஓட்டை இருப்பது தெரியவந்தது: லாகின் இல்லாமலே, ஹோம் அசிஸ்டன்ட் தொடக்கூடிய எந்த ஃபைலையும் வெளியாள் படிக்கலாம். அதில் ஒன்று என்னிடமும் இருந்தது. ஆபீஸிலிருந்து பார்க்க வசதியாக ரவுட்டரில் 8123 போர்ட்டையும் (ஹோம் அசிஸ்டன்டுக்கு வெளியிலிருந்து வரும் வாசல்) திறந்து வைத்திருந்தேன். அன்று ராத்திரியே போர்ட்டை மூடி, பாஸ்வேர்டுகளையும் டோக்கன்களையும் ஒன்று விடாமல் மாற்றினேன். அதன் பிறகு வெளியிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும்தான்.

2023 மார்ச்சில் போர்ட்டை மூடி வைத்தது கைகொடுத்தது. ஆட்-ஆன்களையும் அப்டேட்டுகளையும் நிர்வகிக்கும் சூப்பர்வைசரிலேயே லாகினைத் தாண்டிப் போகும் ஓட்டை, தீவிரம் பத்துக்குப் பத்து. 2017-லிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. இந்தமுறை பதறாமல் அப்டேட் செய்தேன். ஓட்டையை மறைக்காமல் சொல்லி, உடனே சரிசெய்ததால் ஹோம் அசிஸ்டன்ட் குழுவின் மேல் மரியாதை கூடியது.

ஒன்றில் ஓட்டை இருந்தாலும் வீட்டுக் கணினிகளைத் தொடாதபடி, பல்புகளையும் பிளக்குகளையும் தனி வைஃபையில் பிரித்துவிட்டேன். பிரித்த அன்றே பாதிப் பொருட்கள் காணாமல் போயின, ஏனென்றால் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி ஒரு நெட்வொர்க்கைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுத்து மறுபடி சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். ஆனாலும் செய்யுங்கள்.

மாதா மாதம் வரும் புதுப் பதிப்பை நான் முதல் நாளே போடுவதில்லை, இரண்டாவது திருத்தம் வரட்டும் என்று காத்திருப்பேன். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் அன்றைக்கே. பேக்கப் எடுக்காமல் எதையும் தொடுவதில்லை.

செல்போன் ஆப் போல, கஸ்டம் இன்டக்ரேஷனும் 'இதைத் தொடலாமா' என்று அனுமதி கேட்கும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை என் கணக்கு இதுதான்: ஒருகாலத்தில் பதினான்கு கஸ்டம் இன்டக்ரேஷன் வைத்திருந்தேன், இன்று மூன்று. அந்த மூன்றிலும் அப்டேட் வந்தால், மாறிய வரிகளைப் படித்த பிறகே பட்டனை அழுத்துகிறேன்.