குன்னூர்ச் சரிவில் ஒரு தேயிலை ஆலைச் சந்தை

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் மலைச்சாலையையொட்டிப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த தேயிலை ஆலை ஒன்று, இப்போது சந்தையும் உணவகமுமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரம் ஒன்றுக்கு வண்ணம் பூசி வாசலில் நிறுத்துவதோடு அமைந்துவிடாமல், ஆலையில் வேலை நடந்த ஒழுங்கையே கட்டடத்தின் அமைப்பாகக் காத்திருக்கிறார்கள் என்பதால் இதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

கொழுந்தை முறுக்கித் தேயிலையாக்கும் ‘ஆர்த்தடாக்ஸ்’ என்ற மரபு முறையில் இயங்கிய பழைய ஆலைகளில் கொழுந்து மேலிருந்து கீழே பயணம் செய்யும். மாடியில் பரப்பிய பச்சைக் கொழுந்து 12 மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றில் வாடித் துவண்ட பிறகு, கீழ்த்தளத்துக்கு இறக்கி ரோலரில் இட்டு முறுக்குவார்கள். பின்னர் குளிர்ந்த அறையில் பரப்பி நிறமும் மணமும் ஏறவிட்டு, டிரையரில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கரை கிலோ கொழுந்து வேண்டும். வாட்டும் தளத்தில் நான்கு புறமும் சன்னல்கள் வைத்துக் கட்டியது இந்தக் காற்றுக்காகவே.

அந்தத் தளத்தில்தான் சந்தையை வைத்திருக்கிறார்கள். கேரட், பீட்ரூட், பீன்ஸ், மலைப்பூண்டு ஆகியவை மின்விசிறியோ குளிர்பெட்டியோ இல்லாமல் நாள் முழுவதும் வாடாமல் இருக்கின்றன. கொழுந்தை வாட்டிய காற்றோட்டமே, ஈரச்சாக்கு போர்த்திய காய்களைக் காக்கிறது. கொழுந்தைக் கீழே தள்ளிய திறப்புகளை மூடிவிடாமல் தடித்த கண்ணாடி பதித்திருப்பதால், காய் வாங்க வருபவர் குனிந்து பார்த்தால் நேர் கீழே ரோலர் தெரிகிறது. கட்டடக் கலைஞரின் பணியில் நான் மிகவும் மதிப்பது இந்தத் திறப்புகளைத்தான்.

உணவகம் ரோலர்களுக்கு இடையே அமைந்திருக்கிறது. பித்தளைச் சட்டங்கள் பதித்த ஒரு ரோலரின் வட்டத்தட்டின்மேல் கண்ணாடியிட்டு உணவு மேசையாக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அருகிலேயே இன்னொன்றைக் கையால் சுற்றிப் பார்க்கும்படி விட்டிருப்பது எவ்வளவோ மேல். அவரைக் குழம்பும் ராகிக் களியும் நீலகிரி மலைவாழ் சமூகமான படுகர் வீட்டுப் பக்குவத்துக்கு நெருக்கமாக இருந்தன. மற்ற உணவு வகைகள் ஊட்டியில் எங்கும் கிடைப்பவைதாம். தகரக் கூரை என்பதால் பெருமழையில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காது.

திருத்தியே ஆக வேண்டிய குறை ஒன்று உண்டு. தேயிலைத்தூள் விற்கும் மேடையைச் சமையலறைக் கதவருகே வைத்திருக்கிறார்கள். தேயிலை பக்கத்திலுள்ள எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது ஆலையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். நான் வாங்கிய தூளில் தாளிப்பு மணம் ஏறியிருந்தது. காலியாகக் கிடக்கும் தரம் பிரிக்கும் அறை அந்த விற்பனைக்குப் பொருத்தமான இடம்.

அதைவிடப் பெரிய குறை சுவர்களில் இருக்கிறது. மாட்டியிருக்கும் படங்கள் எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்களுடைய பங்களாக்களும்தாம். விளக்கப் பலகைகளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. 1964 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை தருவதற்காக 1968 இல் அரசே நீலகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. அவர்களைப் பற்றியோ, சிறு தோட்டங்களிலிருந்து ஆலைகளுக்குக் கொழுந்து கொடுத்துவரும் படுக விவசாயிகளைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. இயந்திரங்களை இவ்வளவு அக்கறையோடு காத்தவர்கள் மனிதர்களை விட்டுவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

மேலாளரிடம் இதைச் சொன்னபோது, ஆலையில் வேலை பார்த்த சிலர் இன்றும் பக்கத்து லைன் வீடுகளில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில்) வசிப்பதாகவும், அவர்களிடம் படங்களைக் கேட்டு வாங்கப்போவதாகவும் பொறுமையாக விளக்கினார். படங்களை வாங்குவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் அதை ஓட்டியவரின் பெயரையும், அவர் பார்த்த வேலையையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.