சவுண்ட்பார் சரியாகிவிட்டதா என்று பார்க்க, மறுபடியும் அந்த 20 நிமிடம்

போன வாரம் சவுண்ட்பார் சர்வீஸிலிருந்து வந்தது. போர்டு மாற்றியதற்கு 2,800 ரூபாய். சரியாகிவிட்டதா என்று பார்க்க எல்லோரும் பாட்டு போடுவார்கள், நான் போடுவது கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடரின் ஆறாவது சீசன் கடைசி எபிசோடு, 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்'. 2016 ஜூன் கடைசியில் வந்தது. முதல் 20 நிமிடம் போதும். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள், கதையை உடைக்காமல் எழுத எனக்கு வராது.)

எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. இன்னும் அந்தப் பியானோவின் முதல் சுரம் விழுந்தால் வாய் வரைக்கும் போன டீ அங்கேயே நின்றுவிடுகிறது. இசையமைப்பாளர் ரமீன் ஜவாடி அதற்கு முன்பு 59 எபிசோடுகளிலும் பியானோவைத் தொட்டதில்லை. செல்லோவும் முரசுமாகக் காது பழகிப்போயிருந்தது. திடீரென்று ஒரு பியானோ, அதுவும் அவசரமே இல்லாமல், ஒரு சுரம் வாசித்துக் கொஞ்சம் காத்திருந்து அடுத்தது. திரையில் என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. ராஜாவின் அம்மா செர்சியைப் பெரிய கோயிலில் விசாரிக்கும் நாள், மணி அடிக்கிறது, நாலு பேர் உடை மாற்றுகிறார்கள். செர்சிக்குக் கறுப்பு உடை, ராஜா பையன் டொம்மனுக்குக் கிரீடம், விசாரிக்கப்போகும் மதத் தலைவர் ஹை ஸ்பாரோவுக்கு அதே பழைய முரட்டுத் துணி. யாரும் யாரையும் மிரட்டவில்லை, ஆனாலும் வயிற்றைப் பிசைகிறது. வாத்தியத்தை மட்டும் மாற்றியே இதைச் செய்துவிட்டார்கள்.

அப்புறம் செல்லோ சேரும், சிறுவர்களின் குரல் சேரும். அந்தக் குரல் வரும் நேரத்தில் திரையில் கொலை செய்வதும் சிறுவர்கள்தான். செர்சியின் கையாள் கைபர்ன் மிட்டாய் கொடுத்துப் பழக்கிய பிள்ளைகள். ஹை ஸ்பாரோ பக்கம் போய்விட்ட லான்செலைக் கோயிலுக்கு அடியில் குத்திப்போட்டுவிட்டுப் போகிறான் ஒரு பொடியன். லான்செல் முதுகில் குத்துப்பட்டு, காலை இழுத்துக்கொண்டு, சுரங்கத்தில் எரியும் மெழுகுவத்தியை நோக்கித் தவழ்கிறான், வத்தி நிற்பதோ தீப்பட்டால் வெடிக்கும் பச்சை எண்ணெய்க்கு நடுவில். மேலே கோயிலில் டொம்மனின் மனைவி மார்ஜரி ஒருத்திக்குத்தான் உறைக்கிறது, செர்சி வரவில்லை என்றால் ஏதோ தப்பு என்று. வெளியே போகவிடாமல் ஹை ஸ்பாரோவின் ஆட்கள் வாசலை மறித்து நிற்கிறார்கள். வத்தி இன்னும் ஒரு விரல் அளவுகூட இல்லை.

வெடிக்கும்போதுதான் என் பழைய சண்டை. பியானோ காதில் விழ வால்யூம் 24 வைத்தால், வெடி வரும்போது வீடு அதிரும். போன தடவை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். போர்டு மாற்றிய பிறகும் அப்படியேதான் இருக்கிறது, ஆக அது சவுண்ட்பார் கோளாறு இல்லை, எடுத்தவர்களே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் போல. 2,800 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது சத்தமே இல்லாத இடம். டொம்மன் ஜன்னல் வழியாக எரியும் கோயிலைப் பார்க்கிறான். கிரீடத்தைக் கழற்றி வைக்க ஃப்ரேமை விட்டுப் போகிறான். கேமரா நகராது, வெறும் ஜன்னல், தூரத்துப் புகை. திரும்பி வந்து ஜன்னலில் ஏறி, அப்படியே வெளியே சாய்ந்துவிடுகிறான். எட்டிப் பார்க்கக்கூட கேமரா அசையாது. இயக்குநர் மிகுவெல் சபோச்னிக் முந்தின வாரம்தான் குதிரையும் பிணக்குவியலுமாக ஒரு போரையே எடுத்துக் காட்டியிருந்தார். எனக்கு இந்த ஜன்னல் அதைவிடப் பெரிது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். தலைநகரின் பெரிய கோயிலை, உள்ளே இருந்த பெருந்தலைகளோடு சேர்த்துச் செர்சி கொளுத்திவிட்டாள். ஏழைகளெல்லாம் ஹை ஸ்பாரோ பின்னால் நின்றார்கள் என்று இரண்டு சீசனாகக் காட்டியவர்கள் இவர்கள்தான். அடுத்த சீசனில் ஒருத்தனாவது "எங்கள் சாமி எங்கே" என்று கேட்க வேண்டாமா? அதே ஊர் ஜனம் தெருவில் நின்று செர்சியின் கூட்டாளி யூரானுக்கு ஆரவாரம் செய்கிறது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் வத்தி எண்ணெயைத் தொடும் நேரத்தில் இது ஞாபகம் வந்து தொலைக்கிறது. மூலக் கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் இதே எபிசோடு பெயர் கொண்ட புத்தகத்தில் வேறு மாதிரி இருக்குமோ என்று பார்த்தால், அது இன்னும் வந்தபாடில்லை.

ஆஃபீஸ் நண்பன் ஒருவன் முந்தாநாள் கேட்டான், "இப்ப ஆரம்பிக்கலாமாடா?" கணக்குப் போட்டுச் சொன்னேன். இந்த 60வது எபிசோடு உறைக்க 59 பார்த்தாக வேண்டும், பார்த்துவிட்டால் மிச்சம் 13-ஐ விட மனசு வராது, அந்த 13-இல் பாதி எரிச்சல். வேண்டாம்டா, விட்டுவிடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சவுண்ட்பார் எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சொல் என்றும் சொல்லியிருக்கிறேன்.